கோளக் குடுவையைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் மையத்தில் அமுக்கம் கூடுமா?

கேள்வி – மென்சுவர்

அனைவருக்கும் வணக்கம். ஒலி அலையால் ஒரு கோளத்தின் மையத்தில் அமுக்கத்தைக் குவிக்கும் அமைப்புகளைப் பற்றிப் படித்து வருகிறேன். எடுத்துக்காட்டாக நான் வைத்துக்கொண்டிருப்பது ஒலியொளிர்வுச் சோதனைகளில் பயன்படும் 100 மில்லிலிட்டர் கண்ணாடிக் குடுவை. காற்று நீக்கிய நீரை நிரப்பி, இரு பக்கமும் மின்னழுத்தத்தால் அதிரும் பீசோ வில்லைகளை ஒட்டி, ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வுக்குக் கொண்டுவந்தால், மையத்தில் நிற்கும் ஒற்றைக் குமிழி ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து நொறுங்கி ஒளி வீசுகிறது.

என் ஐயம் அளவைப் பற்றியது. கோள அலை உள்நோக்கிச் செல்லும்போது அதன் வீச்சு ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் வளர்கிறது. அப்படியானால் வெளி ஆரம் பத்து மடங்கு பெரிதாக இருக்கும் குடுவையில் அலை பத்து மடங்கு தூரம் குவிந்து வருகிறது. மையத்தில் பத்து மடங்கு அழுத்தம் கிடைக்க வேண்டும் அல்லவா? மேலும், பருமன் ஆரத்தின் மும்மடியாகவும் பரப்பு இருமடியாகவும் வளர்வதால், சுவர் வழியான இழப்பு ஒப்பளவில் குறைய வேண்டும். இரண்டும் பெரிய குடுவைக்குச் சாதகமாகவே தெரிகின்றன. ஆனால் ஆய்வுக்கூடங்களில் இன்றும் சிறிய குடுவைகளே புழக்கத்தில் உள்ளன. செலவும் வசதியும் மட்டுமா இதற்குக் காரணம், அல்லது இயற்பியலே தடுக்கிறதா?

பதில் – எதிர்க்கணு

மென்சுவர் அவர்களுக்கு, உங்கள் கேள்விக்குள் இரண்டு அளவுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: குடுவையின் அளவு, குமிழியின் அளவு. நான் குடுவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மெல்லிய கண்ணாடிக்கு வெளியே காற்று இருப்பதால் சுவரில் அலையழுத்தம் ஏறத்தாழச் சுழியாகிவிடுகிறது. அந்த நிபந்தனையில் மிகத் தாழ்ந்த ஆர அதிர்வு (எல்லாத் திசையிலும் சமமாக, மையத்தை நோக்கியும் விலகியும் நிகழும் அதிர்வு), குடுவையின் விட்டம் சரியாக ஓர் அலைநீளமாக இருக்கும்போது தோன்றும். 20 பாகை செல்சியஸில் நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,482 மீட்டர். 100 மில்லிலிட்டர் கோளத்தின் விட்டம் 5.76 சென்டிமீட்டர், வகுத்தால் 25.7 கிலோஹெர்ட்ஸ். கழுத்தும் கண்ணாடியின் நிறையும் இதைச் சற்று நகர்த்தும், அவ்வளவுதான்.

வீச்சு ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் வளர்கிறது என்பது உண்மை. ஆனால் மையத்துக்கு மிக அருகில், அலைநீளத்தின் சிறு பங்குக்குள், அந்த வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஆகவே குவிப்பின் அளவைத் தீர்மானிப்பது வெளி ஆரத்தில் எத்தனை மீட்டர் இருக்கிறது என்பதன்று, எத்தனை அலைநீளம் அடங்குகிறது என்பதே. குடுவையைப் பத்து மடங்கு பெரிதாக்கி அதன் அடிப்படை அதிர்விலேயே இயக்கினால் அலைநீளமும் பத்து மடங்காகிவிடும். குவிப்பு துளியும் கூடாது. கணக்கிட்டுப் பார்க்கலாம். மையத்தில் 1.3 பார் வீச்சு வேண்டுமானால் சுவருக்கு அருகிலுள்ள நீர் நொடிக்கு 2.8 சென்டிமீட்டர் வேகத்தில் முன்பின் நகர வேண்டும். இந்த எண்ணில் ஆரமே வருவதில்லை. சிறிய குடுவைக்கும் பெரிய குடுவைக்கும் அதே வேகம்தான். மாறுவது இடப்பெயர்ச்சி மட்டும்: சிறிய குடுவையின் சுவரில் 0.17 மைக்ரோமீட்டர், பத்து மடங்கு குடுவையில் 1.7 மைக்ரோமீட்டர். ஒரு பாக்டீரியாவின் நீளத்தைவிடக் குறைவான இந்த அசைவே 100 மில்லிலிட்டர் நீரின் நடுவே வளிமண்டல அழுத்தத்தை மிஞ்சும் ஏற்ற இறக்கத்தைத் தாங்கி நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஆற்றலும் திறனும் வேறு விதமாக வளர்கின்றன. சிறிய குடுவையில் தேங்கி நிற்கும் ஒலி ஆற்றல் ஏறத்தாழ 58 மைக்ரோஜூல். தரக்காரணி (அதிர்வின் ஆற்றல் எவ்வளவு மெதுவாக இழக்கப்படுகிறது என்பதன் அளவு) 1,000 என்று கொண்டால் அதைத் தக்கவைக்க 10 மில்லிவாட் போதும். பத்து மடங்கு குடுவையில், அதாவது 100 லிட்டரில், ஆற்றல் 1,000 மடங்காகி 58 மில்லிஜூலை எட்டும். அதிர்வெண் பத்தில் ஒன்றாகக் குறைவதால் திறன் 100 மடங்கு, ஏறத்தாழ 1 வாட். தடை மின்திறனில் இல்லை என்பது இதிலிருந்து தெளிவு. ஆனால் அந்த 1 வாட் 2.57 கிலோஹெர்ட்ஸில், நம் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியில், இடைவிடாமல் ஒலிக்கும்.

வேறொரு வழியும் உண்டு. பெரிய குடுவையை அதே 25.7 கிலோஹெர்ட்ஸில், பத்தாவது ஆர அதிர்வில் இயக்கலாம். இப்போது வெளி ஆரத்தில் பத்து மடங்கு அரை அலைநீளங்கள் அடங்குகின்றன. சுவரின் வேகம் பத்தில் ஒன்றாக இருந்தாலே மையத்தில் அதே 1.3 பார் கிடைக்கும். நீங்கள் எதிர்பார்த்த குவிப்பு இங்கேதான் கிடைக்கிறது. விலை என்னவென்றால், 100 லிட்டர் நீரில் அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஏறத்தாழ 2,000 அதிர்வு முறைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். கோளம் முழுமையானதாக இருந்தால் அவற்றுட் பல ஒரே அதிர்வெண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். கழுத்தும் சுவர்த் தடிப்பின் வேறுபாடும் அவற்றைப் பிரித்துச் சிதறவிடும். ஆர அதிர்வு மட்டும் தனியே நிற்காமல் பக்கத்து அதிர்வுகளும் சேர்ந்து கிளம்பும்போது மையத்தின் கோளச் சமச்சீர் குலைகிறது. சிறிய குடுவையின் அடிப்படை அதிர்வுக்கு இந்த நெருக்கடி கிடையாது.

இழப்பைப் பற்றி ஒரு சொல். நீரின் உள்ளே நிகழும் உறிஞ்சலை மட்டும் கணக்கில் எடுத்தால் 25 கிலோஹெர்ட்ஸில் தரக்காரணி முப்பது இலட்சத்தைத் தாண்டும். உண்மையில் ஆயிரக்கணக்கோடு நிற்பதற்குக் கண்ணாடி, கழுத்து, பிடிமானம், ஒட்டிய பசை ஆகியவையே காரணம். ஆகவே பரப்பு–பருமன் விகிதத்தால் வரும் ஆதாயத்தை, குடுவையைப் பிடித்திருக்கும் விதம் எளிதில் விழுங்கிவிடும்.

பதில் – நுண்குமிழி

எதிர்க்கணு சொன்னவற்றோடு உடன்படுகிறேன். உண்மையான அமுக்கம் நிகழ்வது குமிழிக்குள் என்பதால் அங்கிருந்து தொடர்கிறேன்.

வெற்றுக் குழி ஒன்று நீரில் நொறுங்க ஆகும் நேரத்தை இயற்பியலாளர் ராலே 1917இல் கணக்கிட்டுத் தந்தார். அந்த நேரம் ஆரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வளிமண்டல அழுத்தத்தில் 1 மில்லிமீட்டர் குழிக்கு ஏறத்தாழ 91 மைக்ரோநொடி, 50 மைக்ரோமீட்டருக்கு 4.5 மைக்ரோநொடி. நீளமும் நேரமும் ஒரே விகிதத்தில் வளர்வதால் வேகங்கள் மாறுவதில்லை. பாகுநிலை, பரப்பு இழுவிசை, வெப்பக் கடத்தல், ஈர்ப்பு ஆகியவற்றை நீக்கிவிட்டால் சிறிய குமிழியின் நொறுங்கலைப் படமெடுத்து மெதுவாக ஓட்டினால் அது பெரிய குமிழியின் படமாகவே இருக்கும். வெப்பநிலையும் அப்படியே. வெப்பப் பரிமாற்றமில்லாத அமுக்கத்தில் ஆர்கான் போன்ற ஓரணு வாயுவின் வெப்பநிலை ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஏறும்: ஆரம் பத்தில் ஒன்றானால் வெப்பநிலை 100 மடங்கு. எந்த ஆரத்திலிருந்து தொடங்கினோம் என்பது அதில் நுழைவதே இல்லை, சுருக்க விகிதம் மட்டுமே நுழைகிறது. எனவே அளவு கூடினால் வெப்பம் கூடும் என்று அடிப்படைச் சமன்பாடுகள் எங்கும் சொல்லவில்லை. அளவின் விளைவு முழுவதும் நாம் மேலே நீக்கிவிட்ட அந்தச் ‘சிறு’ காரணிகள் வழியாகத்தான் வருகிறது.

அவற்றுட் சில பெரிய குமிழிக்குச் சாதகமானவை. நொறுங்கும் நேரத்துக்குள் வெப்பம் வாயுவில் எவ்வளவு தூரம் பரவும் என்று பார்த்தால், 50 மைக்ரோமீட்டர் குமிழியில் அது ஆரத்தின் ஐந்தில் ஒரு பங்கு. 1 மில்லிமீட்டரில் 4 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். 1 சென்டிமீட்டரில் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. பெரிய குமிழி தன் வெப்பத்தை நன்றாகக் காத்துக்கொள்கிறது. பாகுநிலையும் அப்படித்தான்: ரெனால்ட்ஸ் எண் (பாகுநிலையோடு ஒப்பிட்டு ஓட்டத்தின் வலிமையைக் காட்டும் எண்) ஆரத்தோடு வளர்வதால் உராய்வின் பங்கு குறைகிறது. ஒளியின் அளவைப் பொறுத்தவரை ஆதாயம் இன்னும் பெரியது. ஒளிரும் பருமன் மும்மடியாகவும் ஒளிரும் நேரம் நேர்விகிதத்திலும் வளர்வதால், வாயு ஒளி ஊடுருவும் நிலையில் இருக்கும்வரை, மொத்த ஒளி ஆரத்தின் நான்காம் அடுக்காக ஏற வேண்டும்.

ஆனால் பாகுநிலையும் பரப்பு இழுவிசையும் இழப்பை மட்டும் உண்டாக்குவதில்லை. குமிழியின் வடிவத்தைக் காப்பவையும் அவையே. 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குமிழியைப் பரப்பு இழுவிசை 0.29 பார் அழுத்தத்தோடு உருட்டிப் பிடித்திருக்கிறது. 1 மில்லிமீட்டர் குமிழிக்கு அந்தப் பிடி 144 பாஸ்கல், அதாவது 200 மடங்கு தளர்வு. நொறுங்கலின் இறுதிக் கணங்களில் அடர்த்தி குறைந்த வாயு அடர்த்தி மிகுந்த நீரை எதிர்த்துத் தள்ளும்போது, பரப்பிலுள்ள எந்தச் சிறு மேடுபள்ளமும் வேகமாக வளரும். சிறிய குமிழியில் அதை மட்டுப்படுத்த ஆள் இருக்கிறது; பெரிய குமிழியில் இல்லை. 25 கிலோஹெர்ட்ஸில் நீருக்குள் நிலையாக நின்று ஒளிரும் குமிழியின் இயல்பு ஆரம் (ஒலி இல்லாதபோதுள்ள ஆரம்) 5 மைக்ரோமீட்டரை ஒட்டியே இருப்பதற்கு இந்த வடிவ உறுதியின்மையே முதன்மைக் காரணம்.

அந்த ஒரு சுற்றை அருகில் வைத்துப் பாருங்கள். சுற்றின் நீளம் 40 மைக்ரோநொடி. அழுத்தம் குறையும் பாதியில் 5 மைக்ரோமீட்டர் குமிழி மெல்ல விரிந்து 50 மைக்ரோமீட்டரை எட்டுகிறது; பிறகு சில மைக்ரோநொடிகளில் சரிந்து அரை மைக்ரோமீட்டருக்கு வருகிறது. அங்கே வாயு அணுக்கள் தோளோடு தோள் உரசும் நெருக்கத்தை அடைவதால் மேலும் சுருங்க இடமில்லை. ஒளி வீசுவது அந்தத் திருப்பத்தில்தான். 1997இல் அளந்தபோது அதன் நீளம், இயக்கும் அழுத்தத்தையும் கரைந்த வாயுவையும் பொறுத்து, ஏறத்தாழ 60 முதல் 250 பிக்கோநொடி வரை இருந்தது.

இப்போது இரண்டு அளவுகளையும் இணைக்கும் கணக்கு. 50 மைக்ரோமீட்டருக்கு விரிந்த குமிழி வளிமண்டலத்தைத் தள்ளிச் சேமித்துள்ள ஆற்றல் ஏறத்தாழ 0.05 மைக்ரோஜூல். எதிர்க்கணு கணக்கிட்ட 58 மைக்ரோஜூலில் இது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு; எனவே குடுவை தன் குமிழியை எளிதாகச் சுமக்கிறது. குடுவையை அப்படியே வைத்துக்கொண்டு குமிழியை மட்டும் பத்து மடங்கு விரியச் செய்ய நினைத்தால், அது கேட்கும் ஆற்றல் 1,000 மடங்காகி, குடுவையில் உள்ள மொத்த ஆற்றலையும் ஒரே சுற்றில் குடித்துவிடும். ஒத்ததிர்வு அங்கேயே அறுந்துபோகும். பெரிய குமிழி வேண்டுமானால் பெரிய குடுவையும் தாழ்ந்த அதிர்வெண்ணும் கட்டாயம். தனித்தனியே மாற்ற முடியாது.

மென்சுவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் இரண்டையும் சேர்த்தே பத்து மடங்காக்கினால், அதாவது 100 லிட்டர் குடுவை, 2.57 கிலோஹெர்ட்ஸ், அரை மில்லிமீட்டர் வரை விரியும் குமிழி என்று வைத்துக்கொண்டால், வடிவ உறுதியின்மையை ஏதோ வகையில் சமாளித்துவிட்டால், நான்காம் அடுக்கு ஆதாயம் முழுமையாகக் கிடைக்குமா?

பதில் – வாயுக்கோளம்

நுண்குமிழியின் பட்டியலில் ஈர்ப்பு பெயரளவில் மட்டும் வந்துபோனது. உங்கள் 100 லிட்டர் குடுவையில் அதற்கு முக்கியமான இடம் உண்டு. 5.8 சென்டிமீட்டர் குடுவையில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள நீரழுத்த வேறுபாடு 570 பாஸ்கல்தான். 58 சென்டிமீட்டரில் அது 5,700 பாஸ்கல். குமிழி மையத்தில் நிற்பது, மேலே தூக்கும் மிதப்பு விசையும், அலையழுத்தம் உச்சமாக இருக்கும் மையப் புள்ளியை நோக்கி இழுக்கும் ஒலி விசையும் சமன்படுவதால். குடுவை பத்து மடங்காகும்போது ஒலியழுத்தத்தின் சரிவு பத்தில் ஒன்றாகத் தளர்கிறது, மிதப்போ மாறாமல் இருக்கிறது. எனவே குமிழி, அலைநீளத்தோடு ஒப்பிட்டால், பத்து மடங்கு அதிகமாக மையத்திலிருந்து விலகி மேலே நிற்கும். அமுக்கத்தின் கோளச் சமச்சீர் வெளியிலிருந்தே பாதிக்கப்படுவதற்கு இது போதுமான காரணம். மீட்டர் அளவுள்ள நீரடிக் குமிழிகள் நொறுங்கும்போது மேல்நோக்கிப் பீறிடுவது இதே போக்கின் உச்சம்.

அடுத்தது வெப்பம். நீரில் ஒலியின் வேகம் அறை வெப்பநிலையில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 3 மீட்டர் மாறுகிறது, அதாவது ஐந்நூற்றில் ஒரு பங்கு. தரக்காரணி 1,000 உள்ள அமைப்பின் ஒத்ததிர்வு அகலம் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே அரைப் பாகை நகர்ந்தாலே முழு அகலத்தையும் தாண்டிவிடுவோம். இந்தக் கணக்கு குடுவையின் அளவைச் சாராதது. ஆனால் உள்ளே வெப்பநிலை சமமாக எடுக்கும் காலம் ஆரத்தின் இருமடியாக வளர்கிறது: கடத்தல் மட்டும் என்றால் சிறிய குடுவைக்கு 10 நிமிடம், 100 லிட்டருக்கு 16 அல்லது 17 மணி நேரம். நீரோட்டம் அதைக் குறைக்கும் என்றாலும், அந்த நீரோட்டமே குமிழியை அலைக்கழிக்கும்.

வாயு நிரப்பிய கோளங்களில் படம் வேறு. அங்கே ஆர அதிர்வில் வாயு சுவரோடு உரசி வழுக்குவதில்லை. சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் நடக்கும் வெப்ப இழப்பே முதன்மையானது. அந்தப் படலத்தின் தடிப்பு ஆரத்தின் வர்க்கமூலமாக வளர்வதால் தரக்காரணியும் வர்க்கமூலமாகவே கூடும்: நான்கு மடங்கு பெரிய கோளத்துக்கு இரண்டு மடங்கு தரம். பரப்பு–பருமன் விகிதத்தைப் பற்றி நீங்கள் முதலில் சொன்னது இங்கே பொருந்துகிறது, ஆனால் பாதி வலிமையோடு. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 1988இல் வாயு மாறிலியை மிகத் துல்லியமாக அளந்தது ஆர்கான் நிரப்பிய 3 லிட்டர் எஃகுக் கோளத்தில்தான். ஆர அதிர்வின் அதிர்வெண், பருமன் மாறாதவரை, கோள வடிவின் சிறு பிழைகளை முதல் நிலையில் பொருட்படுத்துவதில்லை என்பது அந்த அளவீட்டின் பெரும் பலம்.

இன்னொன்று. கடினச் சுவருள்ள வாயுக் கோளத்தின் மேல் அதிர்வுகள் அடிப்படை அதிர்வின் முழு மடங்குகளில் அமைவதில்லை, இரண்டாவது 1.72 மடங்கில் வருகிறது. அதனால் வீச்சு பெருகும்போதும் அலை எளிதில் அதிர்ச்சி அலையாகக் கூர்மையடைவதில்லை. உங்கள் நீர்க்குடுவையிலோ அவை சரியாக 2, 3, 4 மடங்குகளில் விழுகின்றன. இது சுவரின் தன்மையால் வருவது. குடுவையை எவ்வளவு பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் மாறாது.

பதில் – நுண்குமிழி

நான்காம் அடுக்கு ஆதாயம் நீரில் கிடைக்காது. நான் முன்பு தொடாமல் விட்ட நீராவியே அதற்குக் காரணம், என் கணிப்பில் இந்த முழு விவாதத்திலும் மிக முக்கியமான காரணியும் அதுதான்.

குமிழி விரியும்போது அதனுள் நீராவி நிறைகிறது. நொறுங்கும்போது அது மீண்டும் சுவரில் படிந்து நீராக வேண்டும். அதற்கு ஆவி மூலக்கூறுகள் வாயுவின் ஊடாகச் சுவர்வரை பரவிச் செல்ல வேண்டும். பரவும் தூரம் நேரத்தின் வர்க்கமூலமாக மட்டுமே வளர்வதால், பெரிய குமிழியில் ஆவி வெளியேற ஒப்பளவில் நேரம் போதுவதில்லை, உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. வெப்பத்தைக் காத்துத் தந்த அதே விதி இங்கே ஆவியையும் காத்துவைக்கிறது. மூன்று அணுக்களால் ஆன நீர் மூலக்கூறு அமுக்கத்தின் ஆற்றலைச் சுழற்சியிலும் அதிர்விலும் வாங்கிக்கொள்கிறது. இன்னும் சூடேறினால் உடைந்து மேலும் ஆற்றலை உறிஞ்சுகிறது. அதிர்வெண்ணைக் குறைத்து ஒலியொளிர்வைப் பெரிதாக்கும் வாய்ப்பை ஆராய்ந்து 2000இல் வெளிவந்த கோட்பாட்டுக் கட்டுரை ஒன்று நீராவியின் இந்தத் தடையைத்தான் மையமாக எடுத்துக்கொண்டது.

ஆகவே என் பரிந்துரை: அளவை மாற்றுவதற்கு முன் திரவத்தை மாற்றுங்கள். ஆவியழுத்தம் 20 பாகையில் 2.3 கிலோபாஸ்கலாக உள்ள நீரை உறைநிலைக்கு அருகே குளிர்வித்தாலே அது 0.6 கிலோபாஸ்கலாகக் குறைகிறது. செறிந்த கந்தக அமிலத்தில் ஆவி பெயரளவுக்கே உண்டு. அதில் ஆர்கான் குமிழியிலிருந்து வந்த ஒளியின் நிறமாலையைக் கொண்டு 2005இல் ஏறத்தாழ 15,000 கெல்வின் வெப்பநிலை பதிவாயிற்று. நீரில் ஒற்றைக் குமிழியை விட அங்கே ஒளியும் பன்மடங்கு அதிகம். பாகுநிலை கூடுதலாக இருப்பதால், பெரிய குமிழியின் வடிவத்தைக் காக்கவும் அந்த அமிலம் உதவுகிறது. அதைக் கையாளத் தகுந்த பாதுகாப்பு இல்லாத இடத்தில் அந்த வழியை எண்ணவே வேண்டாம். குளிர்ந்த நீரும் கரைந்த ஆர்கானும் போதும்.

அளவையும் மாற்றிப் பார்த்தே தீர வேண்டும் என்றால் பத்து மடங்குக்குத் தாவ வேண்டாம். இரண்டு மடங்கு ஆரமுள்ள குடுவை 800 மில்லிலிட்டர், 12.9 கிலோஹெர்ட்ஸ். மையத்தில் அதே 1.3 பார் அழுத்தத்தை வைத்துக்கொண்டு, ஒரே நாளில் நீரை 20 பாகையிலும் 2 பாகையிலும் வைத்து இரு குடுவைகளின் ஒளியையும் அளந்து ஒப்பிடுங்கள். குளிரில் பெரிய குடுவையின் ஆதாயம் தெளிவாகக் கூடினால் தடுத்தது ஆவி. கூடவில்லை என்றால் வடிவ உறுதியின்மையைத்தான் முதலில் தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதிர்வெண்ணைப் புதிதாகச் சரிசெய்ய மறக்காதீர்கள். 18 பாகை இறக்கத்தில் ஒத்ததிர்வு ஐந்து விழுக்காட்டுக்கு அருகே கீழே நகர்ந்திருக்கும்.